கிணற்றில் ஊறிய குவைத்

வாளி மேலே வந்ததும் அமராவதி தண்ணீரை முகர்ந்து பார்த்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, தண்ணியில சீமெண்ணெ வாசன வருது."

சபாபதி ஒரு கை அள்ளி மோந்தார். வரத்தான் செய்தது. அவர் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித் தருகிறவர். எதைக் கேட்டாலும் உடனே ஒரு காரணம் சொல்லிவிடுவார்.

"வாளியிலதான் இருக்கும். வெளக்குக்கு ஊத்தின கையோட யாராவது தொட்டிருப்பாங்க."

வாளியை மாற்றினார். கயிற்றையும் மாற்றினார். வாசனை போகவில்லை. அமராவதிக்கு எட்டாவது மாசம். மூக்கில் பட்டாலே குமட்டியது. பக்கத்து வீட்டு ஞானாம்பாள்தான் தன் கிணற்றிலிருந்து இறைத்து, குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். தனியாக இருக்கிற மனுஷி. அடுத்தவர்க்கு ஒன்றென்றால் அவளுக்குப் பொறுக்காது.

சபாபதிக்கு மனசு சரியில்லை. மனசு சரியில்லாவிட்டால் பிடிலை எடுப்பது அவர் வழக்கம். தலை நரைக்க ஆரம்பித்த பிறகு கற்றுக்கொண்ட வித்தை. சொல்லிக்கொடுத்தவர் பாதியிலேயே பட்டணம் போய்விட்டார். மீதியைச் சபாபதி தானாகவே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் வாசிப்பீங்களா, தம்பி?" என்று குடத்தை இறக்கிவிட்டு ஞானாம்பாள் கேட்டாள்.

"வாசிக்காம இருப்பனா?"

"ரொம்ப நேரமா?"

"மனசு அடங்குற வரைக்கும்."

அவள் போனதும் மனைவியிடம் சொன்னார். "இந்தத் தெருவுல சங்கீதத்துல நாட்டம் இருக்கறவங்க அவுங்க ஒருத்தர்தான்."

அமராவதி குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு குடித்தாள்.

மறுநாள் காலையில் வாசனை இன்னும் தூக்கலாக இருந்தது. சபாபதி எதிர்ச்சாரியில் குடியிருந்த வீட்டுக்காரர் தனக்கோடியிடம் போனார். காட்டுமன்னார்கோயிலில் அரிசி மில் வைத்திருப்பவர்.

"கெணத்தத் தூர் வாரிக் கொடுக்கணுங்க. தண்ணி வாயில வைக்க முடியல."

தனக்கோடி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். மோந்தார். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தார். காவேரிப் பக்கம் எண்ணெய் தேடுகிற லாரிகள் திரிகின்றன என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம் அது.

"தூர் வாரக் கூடாது சார்," என்றார் மெதுவாக. "ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. குவைத்துல இப்படித்தான் ஆரம்பிச்சிதாம்."

"அப்படியே எண்ணெயா இருந்தாலும் அது உங்களுக்கு இல்லைங்க. பூமிக்கு அடியில இருக்கறது சர்க்காருக்கு."

சமாதானமாகச் சொல்லி ஆளை அடக்கலாம் என்று நினைத்தார் சபாபதி. தனக்கோடியின் முகம் மாறியது.

"நீங்க சர்க்காருக்குச் சொல்லிட்டீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்?"

"பின்ன எதுக்கு இந்தச் சட்டமெல்லாம் படிச்சி வச்சிருக்கீங்க? வேற வீடு பாத்துக்குங்க சார்."

எட்டாவது மாசத்தில் வீடு மாற்றுவதா? அது எண்ணெய் ஊற்று இல்லை என்று நிரூபித்துவிட்டால் தீர்ந்தது என்று சபாபதி முடிவு செய்தார். கல்லூரியில் ரசாயனம் சொல்லித் தரும் ஞானசேகரனை அழைத்து வந்தார். ஞானசேகரன் தண்ணீரின் மேலாக மிதந்ததைக் கரண்டியால் வழித்து, பஞ்சில் நனைத்து, நெருப்புக் குச்சியைக் காட்டினார். குப்பென்று பற்றி எரிந்தது.

"எண்ணெதான்," என்றார் ஞானசேகரன். "அதுவும் ரொம்ப சுத்தம். பூமியே வடிகட்டி அனுப்புது போலிருக்கு."

"பக்கத்து வீட்டுக் கெணத்துல ஒண்ணும் இல்லியே?"

"ஊத்து ஒரு பக்கமா சாஞ்சிருக்கும்."

அன்று சாயங்காலமே வாசலில் கூட்டம். சேத்தியாத்தோப்பிலிருந்து தனக்கோடியின் மச்சான்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் பின்னால் இருந்த காலி மனைக்கு விலை பேசினார். இன்னொருவர் காருக்கு என்ன கலர் நல்லது என்று யோசித்தார். கூட்டத்தைப் பார்த்து முனைக் கடைக்காரர் டீ விலையை ஏற்றினார். ஒரு சொட்டு எண்ணெயும் விற்கவில்லை, அதற்குள் விலைவாசி ஏறிவிட்டதே என்று சபாபதி யோசித்தார். வகுப்பில் சொல்ல நல்ல உதாரணம். ஆனால் சொல்லும் தெம்பு இல்லை. கூட்டம் கலைந்ததும் பிடிலை எடுத்து, மனசு ஆறும்வரை வாசித்தார். நிறைய ஆற வேண்டியிருந்தது.

விடிந்து பார்த்தால் தண்ணீரில் வானவில் கலரெல்லாம் மிதந்தது.

"கடலூர்ல எங்கம்மா வீட்டுக்குப் போயிடட்டுமா?" என்றாள் அமராவதி.

"இரு. ஒரு வழி பண்றேன்."

தனக்கோடி மில்லுக்குப் போன நாளாகப் பார்த்து, கிணறு வெட்டுகிற ஆண்டியைக் கூப்பிட்டுத் தூர் வாரச் சொன்னார். ஆண்டி சேற்றையெல்லாம் அள்ளிக் கொட்டினான். மத்தியானம் புதுத் தண்ணீர் ஊறியது. அமராவதி ஒரு செம்பு குடித்துவிட்டு, "இளநி மாதிரி இருக்குங்க," என்றாள். அவள் சிரித்துப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. சபாபதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனசு இவ்வளவு நன்றாக இருக்கும்போது வாசித்தால் எப்படி வரும் என்று பார்க்க ஆசைப்பட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்தவர் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

காலையில் வாசனை திரும்ப வந்திருந்தது.

விஷயம் தெரிந்து ஓடிவந்த தனக்கோடி, கோபப்பட வேண்டியவர், சபாபதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல காரியம் பண்ணீங்க சார். இப்ப சந்தேகமே இல்ல. அள்ள அள்ள ஊறுது. வெள்ளிக்கெழம மிஷின் கொண்டாறேன். அதுக்குள்ள காலி பண்ணிடுங்க."

சபாபதி பஸ் ஏறிக் கடலூருக்குப் போனார். மாமியாரைப் பார்க்கத்தான் போகிறார் என்று அமராவதி நினைத்தாள். ஆனால் அவர் போனது வேறொரு வீட்டுக்காரரைப் பார்க்க. திரும்பி வந்தபோது கையில் ஒரு சாவி இருந்தது. தனக்கோடி காதில் விழுந்து காரியம் கெட்டுவிடக் கூடாது என்று, வெள்ளிக்கிழமை வரை மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஞானாம்பாள் விடிகாலையிலேயே வந்துவிட்டாள். பாத்திரங்களுக்கு வைக்கோல் சுற்றினாள். அமராவதியை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. பிடில் பெட்டியைத் தானே துணியில் கட்டி, கயிறு போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"ஒங்கள மாதிரி அக்கம்பக்கம் யாருக்குங்க அமையும்," என்றார் சபாபதி.

"அதுக்கென்ன தம்பி. எங்க இருந்தாலும் நல்லா இருங்க. வண்டி எப்ப வருது?"

"வண்டி எதுக்குங்க? எல்லாம் கையிலயே கொண்டுபோயிடலாம்."

ஞானாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க வீட்டுக்கு அந்தாண்டப் பக்கத்து வீடு காலியா இருந்துதே, அதத்தான் பேசி முடிச்சிருக்கேன். சொந்தக்காரர் கடலூர்ல இருக்காரு, தங்கமான மனுஷன். உங்கள வுட்டுட்டு எங்க போவோம்? இங்கனாச்சும் நடுவுல கொல்லச் சந்து இருந்தது. அங்க ஒரே சுவரு. நான் வாசிக்கப் போற ரூமுக்கு அடுத்தாப்பல நீங்க படுக்கிற ரூமு. இனிமே உங்களுக்கு நல்லாக் கேக்கும்."

ஞானாம்பாள் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு, கட்டி வைத்த மூட்டையின்மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"நீங்க பிடிலத் தூக்கிக்கிட்டு வேற தெருவுக்குப் போயிடுவீங்கன்னுதான தம்பி, நீங்க வாசிச்ச நாளெல்லாம் ஒங்க கெணத்துல சீமெண்ணெய ஊத்துனேன்."