வெள்ளிக்கிழமை ஏழு மணி சவுனா

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கணினித் திரையின் நடுவில் தோன்றிய அந்தச் சிறு வட்டத்தை ரைமோ ஹக்கரைனன் மூக்கு உரசும் நெருக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அக்டோபர் முதல் நாள், மாலை ஆறு மணி நான்கு நிமிடம். ‘சவுனா முன்பதிவு’ என்ற தலைப்பு மட்டும் வந்து சேர்ந்திருந்தது. அதற்குக் கீழே இருக்கவேண்டிய நாட்களும் நேரங்களும் வழியில் எங்கோ தங்கிவிட்டன.

“என்ன ஆச்சு?” என்று சமையலறையிலிருந்து மனைவி சிர்க்கா கேட்டார்.

“வருது.”

“போன மாசமும் இதையேதான் சொன்ன.”

“போன மாசமும் வந்துச்சுல்ல? செவ்வாய்க்கிழமை நாலு மணி.”

“செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நான் ரொட்டித் தொழிற்சாலையில நிக்கிறேன், ரைமோ. நீ மட்டும் தனியாப் போயி கல்லு மேல தண்ணிய ஊத்திட்டு வந்த.”

ரைமோ மறுபடியும் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பொதுவாகவே அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அவர் வாய் திறந்து பேசுகிற ஒரே இடம் சவுனா என்கிற நீராவிக் குளியலறைதான்; லாஹ்தி நகரின் அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் அது அடித்தளத்தில் இருந்தது. சூடேறிய கற்களில் தண்ணீர் பட்டு ஆவி எழும்பியதும் அவருடைய நாக்கும் இளகிவிடும். திருமணம் செய்துகொள்வது, இந்த வீட்டை வாங்குவது, இரண்டாவது பிள்ளை போதும் என்பது என, முப்பத்தொரு வருட இல்லறத்தின் எல்லா முடிவுகளும் மரப்பலகையில் அருகருகே வியர்த்து அமர்ந்து எடுக்கப்பட்டவையே.

பத்தொன்பது வருடங்கள் வெள்ளிக்கிழமை ஏழு மணி அவர்களுடையதாக இருந்தது. பதினெட்டு வீடுகளுக்கும் இப்படி நிரந்தர முறை இருந்தது. சென்ற ஏப்ரலில் கட்டட நிர்வாகக் குழு அதை ஒழித்துவிட்டு, மாதத்தின் முதல் நாள் ஆறு மணிக்கு இணையத்தில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கே நேரம் என்று அறிவித்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு எதிரே மூன்றாம் மாடி பென்ட்டி லூட்டினனின் பெயர்தான் இருந்தது.

இப்போது சிர்க்காவுக்கு ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தது. தொழிற்சாலையில் ஆட்களைக் குறைக்கிறார்கள். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முன்கூட்டியே ஓய்வு பெறுவதா, தொடர்வதா என்று பிப்ரவரி இறுதிக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும்.

“இப்பவே பேசிரலாமே,” என்றார் ரைமோ, சாப்பாட்டு மேசையைக் காட்டி.

“இங்கயா?” சிர்க்கா மேசையைப் பார்த்தார். மேசையில் ஊறுகாய் மீனும் உருளைக்கிழங்கும் இருந்தன. “இது சாப்பிடற இடம்.”

ஆறு மணி பதினேழு நிமிடத்துக்குப் பக்கம் முழுமையாக வந்தது. செவ்வாய்க்கிழமை நாலு மணி காலியாக இருந்தது.

“புதுசு வாங்கறதுக்கு நம்மகிட்ட வழியில்ல,” என்றார் சிர்க்கா. ரைமோ முதுகுவலியால் மரப்பட்டறை வேலையை விட்டு ஓய்வூதியத்தில் இருந்தார். “எல்லாம் சேத்து நூறு யூரோ தரேன். அதுக்குள்ள அந்தப் பெட்டிய ஓட வை.”

பெட்டியை ஓடவைக்க ரைமோ நாடியது, தன்னோடு உறைபனி ஏரியில் துளையிட்டு மீன்பிடிக்கும் நண்பர் கவுக்கோவை. கவுக்கோ ஒருகாலத்தில் கணினிக் கடை ஒன்றின் வாசலில் இரண்டு வாரம் நின்று வாடிக்கையாளர்களை வரவேற்றவர். அந்த இரண்டு வார அனுபவத்தை வாழ்நாள் முழுதும் செலவழித்துக்கொண்டிருந்தார்.

“டேய், இதுல நீ என்னென்ன பண்ற?” என்று கவுக்கோ விசாரித்தார்.

“ரெண்டே வேலைதான். சீட்டாட்டம், சவுனா.”

“சீட்டாட்டம் எப்படி வருது?”

“அது தொட்டவுடனே வருது.”

“அது வெளையாட்டு. அத விடு.” கவுக்கோ கையை அசைத்தார். “சிர்க்காவோட போன்ல பாத்தீங்களா?”

“பாத்தோம். அதுலயும் அதே வட்டம்.”

“பாத்தியா! வீட்டுக்கு வர்ற இணையம் மொத்தத்தையும் உன் பெட்டி உறிஞ்சிக்கிட்டிருக்கு. பாவம், போன் என்ன பண்ணும்?”

நிபுணர் சொன்னபின் ஐயம் ஏது? எது எதற்கென்று தெரியவில்லையோ அதையெல்லாம் அழித்துவிடும்படி கவுக்கோ சொல்ல, ரைமோ அன்று மாலையே அழித்தார். அவருக்கு எதற்கென்று தெரியாதவற்றுள் சிர்க்காவின் தங்கை மகளுடைய ஞானஸ்நானப் படங்கள் நானூறும் இருந்தன. அதன்பின் சாப்பாட்டு மேசையில் முன்பு இருந்த கொஞ்சப் பேச்சும் நின்றது.

அடுத்தது தூசி. கம்பளங்களைத் தொங்கவிட்டு அடிப்பதற்காக முற்றத்தில் நின்ற இரும்புச் சட்டத்துக்கு ரைமோ பெட்டியைத் தூக்கிப் போனார். கம்பளம் அடிக்க அனுமதிக்கப்பட்ட நேரம் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை என்ற பலகையைப் படித்து, கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு, சைக்கிள் பம்ப்பால் பெட்டியின் உள்ளே காற்றடித்தார். மேகம் போலத் தூசி கிளம்பியது. பெட்டியின் பக்கவாட்டில், மீன்பிடிச் சங்கத்தார் தந்த பச்சைக் கோடுபோட்ட மீன் ஸ்டிக்கர் கூடத் துடைத்ததில் பளிச்சிட்டது. உள்ளே ஊசி விழுந்தால் தெரியும், அவ்வளவு சுத்தம். ஆனால் அதுவரை தூசியில் புதைந்து அமைதியாகச் சுற்றிய விசிறி, விடுதலை பெற்ற மகிழ்ச்சியில் பனி வாரும் வண்டியைப் போல உறுமத் தொடங்கியது.

நவம்பர் முதல் நாள், அந்த உறுமலுக்கு நடுவே வட்டம் இருபது நிமிடம் சுற்றியது. செவ்வாய்க்கிழமை நாலு மணி.

“எத்தனைக்கு வந்துச்சு?” என்று சிர்க்கா கத்தினார்.

“என்ன?”

“எத்தனைக்குன்னு கேட்டேன்!”

“காது கேக்கல!”

“ஒண்ணுமில்ல!”

கவுக்கோ வாரம் ஒருமுறை, பீர் மலிவாகக் கிடைக்கும் கடலுக்கு அக்கரை நகரான தாலினுக்குக் கப்பலேறுகிறவர். அந்த மாதம் பீர்ப் பெட்டிகளோடு, மலிவாகக் கிடைத்ததென்று ஒரு வேகமான வட்டும் இரண்டு நினைவகச் சில்லுகளும் கொண்டுவந்து பொருத்தினார். சிர்க்கா தந்த நூறில் அறுபது அதற்குப் போயிற்று. சீட்டாட்டம் இப்போது தொடுவதற்கு முன்பே வந்தது.

டிசம்பர் முதல் நாள் பக்கம் துண்டு துண்டாக இறங்கியது. வெள்ளி, ஏழு மணி, காலி! ரைமோ பாய்ந்து அழுத்திய அதே கணத்தில் மேலே இன்னொரு துண்டு வந்து விழ, வரிசை முழுதும் ஒரு படி கீழே நகர்ந்தது. ‘முன்பதிவு உறுதி, வெள்ளி 19.00’ என்று பச்சை எழுத்தில் வந்தது. மேற்கொண்டு படிக்க அவருக்குப் பொறுமை இல்லை.

“கெடச்சிருச்சு, சிர்க்கா!”

சிர்க்கா அன்று ஏழு மாதங்களுக்குப் பிறகு அவருடைய தலையைத் தடவிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை இருவரும் துண்டுகளும், வியர்க்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக் கட்டும், சுடுவதற்கான சாஸேஜும் எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினார்கள். சவுனாக் கதவில் தொங்கிய பட்டியலில் ‘லூட்டினன்’ என்றிருந்தது. பக்கத்துக் கதவில் ‘ஹக்கரைனன்’ என்றிருந்தது. அது, அதே இணையப் பக்கத்தில் முன்பதிவாகும், படுக்கை விரிப்புகளைப் பெரிய உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுருக்கம் நீக்கும் அறை.

சுவருக்கு அந்தப் பக்கம் கல்லில் தண்ணீர் பட்டுச் சீறும் ஓசை கேட்டது. பென்ட்டி சுகமாகப் பெருமூச்சு விடுவதும் கேட்டது.

சிர்க்கா கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார். “சரி. இதையாவது தேய்ப்போம்.”

துண்டின் இரு முனைகளை இருவரும் பிடித்து உருளைக்குள் விட்டார்கள். முதல் துண்டு மறுபக்கம் வந்ததும் ரைமோ ஆரம்பித்தார். “அந்த வேலை விஷயத்த இங்கயே பேசலாமே. நாம ரெண்டு பேர்தான இருக்கோம்.”

“இவ்வளவு முக்கியமான விஷயத்த உடுப்பு போட்டுக்கிட்டா பேசுவாங்க?”

மேலே ஏறுகையில், ஈரத்தலையோடு வந்த பென்ட்டியும் அதே மின்தூக்கியில் நுழைந்தார். அவரவர் வீட்டுக் கதவின் பின்னால் காதை வைத்து, படிக்கட்டில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வெளியே வருகிற கட்டடம் அது. இப்படி மாட்டிக்கொள்வது அபூர்வம். மூவரும் தரையைப் பார்த்தார்கள். பென்ட்டி வாயைத் திறந்தார், மூடினார். ரைமோவும் திறந்தார், மூடினார். ஒரே மரப்பொந்தில் தேன் இருப்பதை மணத்தால் அறிந்த இரண்டு கரடிகள், முதலில் பேசுவது நாகரிகமா என்று யோசித்தபடி நின்றனவாம். குளிர்காலம் வந்து இரண்டும் தூங்கப் போய்விட்டன. தேன் எறும்புக்கு. மூன்றாம் மாடியில் பென்ட்டி இறங்கிக்கொண்டார்.

“அவன்கிட்ட என்ன கம்ப்யூட்டர்னு கேட்டிருக்கலாமில்ல?” என்றார் சிர்க்கா.

“தெரியாதவங்ககிட்ட எப்படிக் கேக்கறது?”

“இருபத்திரண்டு வருஷமா கீழ்வீட்டுல இருக்கான்.”

“அதான் சொல்றேன்.”

சூடுதான் எதிரி என்று கவுக்கோ கண்டுபிடித்தது அதற்கு அடுத்த வாரம். ஆகவே ஜனவரி முதல் நாள், பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு பாகையில், ரைமோ பெட்டியோடு பால்கனியில் அமர்ந்தார். தலையில் ரோமத் தொப்பி, இடுப்பு வரை தூங்கும் பை. மின்கம்பி நுழைவதற்காகக் கதவைத் திறந்தே வைத்ததால், உள்ளே சிர்க்கா மேலங்கியோடு சூப் கிண்டினார்.

“வருதா?”

“விரல் வரல.”

வட்டம் அன்று இருபத்தாறு நிமிடம் சுற்றியது. செவ்வாய்க்கிழமை நாலு மணி.

மனித மனத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஜனவரி நடுவில், எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நண்பகலில், ரைமோ தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு பெட்டியைக் கட்டடத்தின் குப்பை அறைக்குத் தூக்கிச் சென்றார். ‘மின்பொருட்களை இங்கே போடக்கூடாது’ என்று சுவரில் எழுதியிருந்தது. பால் டப்பாவைக் கூடக் கழுவி, மடித்து, உரிய தொட்டியில் போடுகிற மனிதர் அவர். வாழ்வில் முதல்முறையாக ஒரு விதியை மீறி, பெட்டியை அட்டைகளுக்குப் பின்னால் வைத்தார். பச்சை மீனை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தார்.

மிச்சமிருந்த நாற்பது யூரோவுக்குப் பழம்பொருள் சந்தையில் வெள்ளை நிறக் கணினி ஒன்று கிடைத்தது. அது கண்விழிக்கவே பதினொரு நிமிடம் எடுத்தது. சீட்டாட்டத்தில் ராணி ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்கு நடந்தே போனாள்.

“இது அதவிட மந்தமா இருக்கே,” என்றார் சிர்க்கா.

“ஆனா வெள்ளையா இருக்கு பாரு.”

பிப்ரவரி முதல் நாள். வேலை விஷயத்தில் பதில் சொல்ல நான்கே வாரம். ரைமோ ஐந்து மணிக்கே வெள்ளைக் கணினியை எழுப்பி உட்காரவைத்தார். சரியாக ஆறு மணிக்குப் பக்கத்தைச் சொடுக்கினார். பிறகு, பல மாதப் பழக்கத்தின்படி எழுந்துபோய் காபி போட்டார். ஏலக்காய் பன்னை இரண்டாக நறுக்கித் தட்டில் வைத்தார். பாலை மேசைக்குக் கொண்டுவந்தார். எட்டு நிமிடம் கழித்துக் கோப்பையோடு திரும்பினார்.

வட்டத்தைக் காணவில்லை. பக்கம் முழுமையாக, எழுத்து எழுத்தாக, எப்போதோ வந்து காத்திருந்தது. வெள்ளி ஏழு மணி லூட்டினன். வெள்ளி முழுதும், சனி முழுதும், புதன், வியாழன் எல்லாம் பெயர்களால் நிரம்பியிருந்தன. ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது. அது எது என்று சொல்லவேண்டியதில்லை.

“வந்தவுடனே அழுத்தலியா?” என்று சிர்க்கா கேட்டார்.

“வந்துரும்னு யார் நெனச்சா?”

சிர்க்கா கோப்பையை வாங்கி மேசைமேல் வைத்தார். “கீழ போ. ஒஸ்மோகிட்டக் கேளு.”

“என்னன்னு?”

“நமக்கு ஒரு வெள்ளிக்கிழமை வேணும்னு. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. வாயத் தொறந்து கேளு, ரைமோ.”

கட்டடக் காவலர் ஒஸ்மோ கொதிகலன் அறையில் கால்நீட்டி அமர்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். ரைமோ வாசலில் நின்றார். இருபத்திரண்டு வருடங்களில் அவர் ஒஸ்மோவிடம் சொல்லியிருந்தது மொத்தம் நான்கு ‘ம்’.

“வாய்யா ரைமோ! நீயுமா நன்றி சொல்ல வந்த?”

“நன்றியா?”

“இப்பத்தான் பென்ட்டி வந்துட்டுப் போனான். அவன் கூடப் பேசினான்னா பாத்துக்கோயேன்! ஏப்ரல்லேர்ந்து ஒவ்வொரு மாசமும் அரை மணி நேரம் அந்த வட்டத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தானாம். விடாம அழுத்தி அழுத்திக் கட்டைவிரலே வீங்கிருச்சாம். பதினெட்டு வீட்டுலயும் இதே கதையா இருந்திருக்கும்போல. ஒருத்தராவது எங்கிட்ட வந்து சொன்னீங்களா? உங்க வாயெல்லாம் என்ன, பனியில உறைஞ்சு போச்சா?”

“எல்லா வீட்டுலயுமா?” என்றார் ரைமோ.

“பின்ன? அந்தப் பக்கம் இங்கேர்ந்துதானேய்யா உங்களுக்கெல்லாம் வருது.” ஒஸ்மோ எட்டி, அழுக்குத் துணியால் மூடியிருந்த ஒரு மூலையைத் தட்டினார். “இங்க நிர்வாகக் குழு ஒரு ஓட்டைப் பெட்டிய வச்சிருந்துச்சு. உங்க மெஷினு எது இருந்தா என்ன, எல்லாரும் அதுகிட்டதான் கை நீட்டணும். புதுசு கேட்டா காசு இல்லன்னுட்டாங்க. போன மாசம் அதுவே செத்துப் போச்சு.”

“அப்ப... இன்னைக்கு?”

ஒஸ்மோ பன்னை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் துணியைப் பெருமையாக விலக்கினார்.

“எவனோ ஒரு புண்ணியவான் குப்பை அறையில வீசிட்டுப் போயிருக்கான்யா. புது வட்டு, புதுச் சில்லு, உள்ள ஒரு பொட்டுத் தூசி இல்ல, பக்கத்துல ஒரு பச்சை மீனு வேற!”