ப்ராசசர்மேல் போட்ட பழி

இனிமேல் மச்சினனிடம் தோற்பதில்லை என்று லாண்டரிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். வேறு யாராவது என்றால் அதற்கு நன்றாக ஆடப் பழக வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். லாண்டரிக்காரர் அப்படிச் சில்லறையாக யோசிக்கிறவர் இல்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று தீர்மானித்தார்.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஊரின் மறுகோடியில் மருந்துக்கடை வைத்திருந்தான். ஞாயிறு சாயங்காலம் ஆனால் மாமாவும் மச்சினனும் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செஸ் ஆடுவார்கள். ஆடுவது இரண்டு பேரும், ஜெயிப்பது மச்சினன் மட்டும். ஜெயித்த கையோடு போன் பண்ணுவான். "என்ன மாமா, தலைவலி மாத்திரை அனுப்பட்டுமா?"

லாண்டரிக்காரருக்கு வாடிக்கைக்காரர்களின் முகம் மறந்துபோகும். சொந்தப் பிறந்தநாள் மறந்துபோகும். பட்ட அவமானம் மட்டும் மறக்காது. மச்சினன் டவுசர் போட்ட வயதில் ஒருமுறை அவருடைய சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டான். அந்தச் சைக்கிள் துருப்பிடித்து இரும்புக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கோபம் மட்டும் இஸ்திரி போட்டு அடுக்கி வைத்ததுபோல மடிப்புக் கலையாமல் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் வாராவாரம் தோற்றால் அதற்குத் தக்க காரணம் வேண்டாமா? காரணம் மேஜைக்கடியில் தயாராக இருந்தது. பழைய பெட்டி. ஆன் பண்ணிவிட்டுக் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்தால்தான் அது கண்ணையே திறக்கும். குதிரையைத் தூக்கி வைத்தால் குதிரை அந்தரத்தில் நிற்கும். கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடும். போதாக்குறைக்கு மச்சினன் அப்போதுதான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான். அதற்குப் பிறகு லாண்டரிக்காரருக்குத் தூக்கம் எப்படி வரும்?

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, இந்தப் பெட்டி இனிமே தேறாது."

"எந்தப் பெட்டி?"

"கம்ப்யூட்டர் பெட்டிதான். உயிர் போய்ட்டிருக்கு."

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே பாட்டுக் கேட்டீங்க?"

"பாட்டு கேக்கறது வேற, செஸ் ஆடறது வேற. மூளையைக் கசக்கற வேலை இல்லையா?"

"கசக்கினது கம்ப்யூட்டரா, நீங்களா?"

"இந்த நக்கல்தான் உங்க குடும்பத்துக்கே சொத்து. புதுசு ஒண்ணு வாங்கணும். அவ்வளவுதான்."

அவள் போர்வையை உதறினாள். "உடனே புதுசா? மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. ப்ராசசரும் மெமரியும் மாத்தினாலே போதும்னு தம்பி சொல்வானே. எது தேவையோ அதை மட்டும் மாத்தலாம்."

தம்பி சொல்வானே! அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் மெக்கானிக் என்றதும் உள்ளுக்குள் குளிர்ந்தது. மெக்கானிக்கை அவர் கையில் போட்டுக்கொள்ளலாம்.

மெக்கானிக்குக்குக் காதில் எப்போதும் ஸ்க்ரூ கழற்றுகிற திருப்புளி ஒன்று செருகியிருக்கும். அதனால் அவர் பெயரே திருப்புளி. லாண்டரிக்காரர் அவரைத் தெருமுனையிலேயே மடக்கினார்.

"நல்லாக் கேட்டுக்கோ. ப்ராசசர் மாத்த முடியாது. மெமரி மாத்தியும் புண்ணியமில்லை. போர்டே போச்சு. புதுசுதான் வாங்கணும். எங்க, சொல்லு பாப்போம்?"

"போர்டே போச்சு, புதுசுதான் வாங்கணும்."

"இன்னும் கொஞ்சம் துக்கமாச் சொல்லு."

திருப்புளி துக்கமாகச் சொன்னார். லாண்டரிக்காரருக்கே கண் கலங்கியது.

ஆனால் வீட்டுக்குள் வந்து பெட்டியைக் கழற்றியதும் திருப்புளிக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. மனைவி டீ கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இதுல எதை மாத்தலாம்?"

"தங்கச்சி, மெமரிக்கு ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு காலியாக் கிடக்கு. ப்ராசசரும் இதைவிட ஒரு படி மேல..."

லாண்டரிக்காரர் கண்ணைச் சிமிட்டினார். திருப்புளி பார்க்கவில்லை. மறுபடி சிமிட்டினார். இரண்டு கண்ணையும் சேர்த்துச் சிமிட்டினார்.

"முதலாளிக்குக் கண்ணுல என்ன, தூசியா?"

"அது ஒண்ணுமில்லை அண்ணே," என்றாள் மனைவி. "மனசுல ஏதாவது திட்டம் இருந்தா அவருக்குக் கண்ணு அப்படித்தான் துடிக்கும். நீங்க சொல்லுங்க."

திருப்புளிக்கு அப்போதுதான் பாடம் ஞாபகம் வந்தது. "போர்டே போச்சு," என்றார் அவசரமாக. ஆனால் துக்கத்தை மறந்துவிட்டார். ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல வந்து விழுந்தது.

"இப்பத்தானே ஒரு படி மேல போகலாம்னீங்க?"

திருப்புளி டீயைக் குடித்தார். நீளமாகக் குடித்தார்.

"பழசுன்னா பழசுதாம்மா," லாண்டரிக்காரர் நடுவில் புகுந்தார். "வயசாகிப்போன பெட்டிக்கு ஒண்ணு ரெண்டு மாத்தி என்ன பிரயோஜனம்? மொத்தமா மாத்தணும்."

"அப்படியா? போன வருஷம் உங்க முட்டி தேஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க? மீதியெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர், முட்டியை மட்டும் பாருங்கன்னீங்க. நானும் சரின்னேன். மொத்தமா மாத்தணும்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

திருப்புளிக்கு டீ மூக்கில் ஏறியது.

லாண்டரிக்காரர் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டார். கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னார். அங்கேதான் சறுக்கினார்.

"சரி. மாத்திப் பாரு. ஆனா ஒண்ணு. பெட்டி நல்லா இருந்தா உன் தம்பிகிட்ட நான் தோக்கவே மாட்டேன்."

"தோத்தா?"

"தோத்தா பெட்டி சரியில்லைன்னு அர்த்தம்."

"அப்படின்னா அதையே பாத்துடலாம் அண்ணே," என்று அவள் திருப்புளியிடம் திரும்பினாள். "பெட்டியை எடுத்துட்டுப் போய் மாத்திக் கொண்டுவாங்க. சாயங்காலம் இவர் ஆடிப் பாக்கட்டும். ஜெயிச்சா அதையே வச்சுக்கறோம். தோத்தா மாட்டினதைத் திருப்பி எடுத்துக்கோங்க, நாங்க புதுசா வாங்கிக்கறோம். சரிதானேங்க?"

லாண்டரிக்காரருக்கு உள்ளே பட்டாசு வெடித்தது. தோற்றால் புதுசு! தோற்பதற்கு அவரைவிடப் பழகின ஆள் இந்த ஊரில் யார்?

திருப்புளி பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். மனைவி வாசல்வரை போய் அவரிடம் ஏதோ பேசினாள். லாண்டரிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. புதுக் கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் வைப்பது என்று மேஜையை அளந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் பெட்டி வந்தது. பட்டனைத் தொட்டதும் திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. குளிக்கப் போவதற்காகத் துண்டை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பரவாயில்லையே," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, "பரவாயில்லைதான், ஆனா உள்ளுக்குள்ள இழுக்குது," என்று சேர்த்துக்கொண்டார்.

ஆட்டம் ஆரம்பித்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

வேண்டுமென்றே தோற்பது எவ்வளவு கஷ்டம் என்று லாண்டரிக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. மச்சினன் என்றும் இல்லாமல் அன்றைக்குப் பார்த்து மந்தமாக ஆடினான். ஒவ்வொரு காயையும் நகர்த்த அத்தனை நேரம் எடுத்துக்கொண்டான். பயந்துவிட்டான் போலிருக்கிறது என்று லாண்டரிக்காரர் நினைத்துக்கொண்டார். கடைசியில் அவசரத்தில் ராணியைக் கொண்டுவந்து லாண்டரிக்காரரின் யானைக்கு எதிரே அம்போவென்று நிறுத்தினான்.

மச்சினனின் ராணி! இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆட்டம் முடிந்தது. சைக்கிள் காற்றுக்கும் கணக்குத் தீரும். மவுஸ் யானைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"என்னங்க, யோசிக்கறீங்களா?"

"பெட்டி இழுக்குதும்மா."

"ஓ."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். யானையைத் தொடாமல் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். பெற்ற பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டு வந்ததுபோல நெஞ்சு கனத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காயாகக் கொடுத்தார். குதிரையைக் கொடுத்தார், யானைகளைக் கொடுத்தார். கடைசியில் ராஜாவையும் மூலையில் கொண்டுபோய் நிறுத்திக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"பாத்தியா? ப்ராசசர் மாத்தியாச்சு, மெமரி மாத்தியாச்சு. தோத்துட்டேன். இப்ப ஒத்துக்கறியா? பெட்டியே சரியில்லை. இதைவிட நம்ம பழசே தேவலை."

"அப்படியா சொல்றீங்க?"

"அடிச்சுச் சொல்றேன். குதிரை நகரவே இல்லை. ஆமை வேகம். இந்த மாதிரிப் பெட்டியை எவன் தலையில கட்டினானோ!"

"என் தம்பி தலையிலதான்," என்றாள் அவள், ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு.

"என்னது?"

"திருப்புளி அண்ணன் புதுசா எதுவும் போடலைங்க. தம்பியோட புதுக் கம்ப்யூட்டரைப் பிரிச்சு, அதோட போர்டு, ப்ராசசர், மெமரி எல்லாத்தையும் நம்ம பெட்டிக்குள்ள மாட்டிக் கொண்டுவந்தாரு. நம்மளோடதைக் கொண்டுபோய் அவன் பெட்டியில மாட்டிட்டாரு. நான்தான் சொன்னேன், தம்பியும் சரின்னான். ஒரே ஒரு சாயங்காலத்துக்கு."

லாண்டரிக்காரர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் ஆடினது..."

"அவனோட புதுசுல."

"அவன் என்னை ஜெயிச்சது..."

"உங்க பழசுல. பாவம், ஒரு காயை நகர்த்தறதுக்குள்ள அவனுக்குக் கொட்டாவியே வந்திருக்கும்."

போன் அடித்தது. யார் என்று பார்க்கத் தேவையில்லை. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

மனைவி பட்டாணித் தட்டைக் கீழே வைத்தாள். அவரை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானது. துணியில் கறை இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அதே பார்வை.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். அவன் ராணி யானைக்கு நேரா நின்னுச்சு. செஸ் தெரியாத எனக்கே தெரிஞ்சுது. நீங்க அடிக்கலை. புதுசு வாங்கணும்னு வேணும்னே தோத்தீங்களா?"

லாண்டரிக்காரர் யோசித்தார். வாழ்க்கையிலேயே அவ்வளவு யோசித்து அவர் ஒரு காயையும் நகர்த்தியதில்லை. ஆமாம் என்றால் திருட்டு ஆட்டம் ஆடினவர். வாய் ஓயாமல் அதைச் சொல்லிக் காட்டுவாள். மச்சினன் காதுக்கும் போகும், மருந்துக்கடைக்கு வருகிற அத்தனை பேர் காதுக்கும் போகும். இல்லை என்றால்?

"சேச்சே," என்றார் கம்பீரமாக. "நான் அப்படிப்பட்ட ஆளா? என்னால முடிஞ்சவரைக்கும் உயிரைக் கொடுத்துத்தாம்மா ஆடினேன்."

"அப்படியா," என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அந்த ஆட்டத்துக்குப் பழசே போதுங்க."