மூன்று தப்பும் ஒரு தூக்கமும்

தீர்மானித்துவிட்டேன். கர்லிங் கற்றுக்கொள்ளப் போவது. போன அரை மணியிலேயே துரத்தப்படுவது.

வாரம் முழுக்க விடியுமுன் எழுந்து, கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் நான். அலுத்துப் போன உடம்பு. சனிக்கிழமை ஒன்றுதான் தூங்கக் கிடைக்கும். அதிலும் என் மனைவி டெல்மா கல்லைப் போட்டாள். இருபது கிலோ கல்.

“ஏங்க, புதுசா கத்துக்கறவங்க வகுப்புல உங்க பேரைக் குடுத்துட்டேன்.”

“ஐஸ்ல கல்லைத் தள்ற விளையாட்டு எனக்கெதுக்குடி? வாரம் பூரா பனியைத்தானே தள்றேன்?”

“அது வேலை. இது சந்தோஷம். கிளம்புங்க!”

கிளப்பில் ஒரு விதி உண்டு. பாதுகாப்பு விஷயத்தில் மூன்று தப்பு செய்தால் அன்றைக்கு ஐஸில் இறங்கக்கூடாது. மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், மெத்தை நாற்காலியில் உட்கார வேண்டும். காப்பி இலவசம். இதைப் போய்த் தண்டனை என்கிறார்கள், பாவம்!

வாசலிலேயே டெல்மா பயிற்சியாளர் ஆர்வில்லின் காதில் ஏதோ சொன்னாள். நான் கண்டுகொள்ளவில்லை.

கர்லிங் ஷூவில் ஒன்றுக்கு ரப்பர் அடி, மற்றதற்கு வழுக்குகிற அடி. எல்லோரும் ரப்பர் அடி போட்ட காலை முதலில் ஐஸில் வைத்தார்கள். நான் வழுக்குகிற காலை வைத்தேன். கால் பக்கத்து மாகாணம் மனிடோபாவுக்கே போனது, நான் போகவில்லை. ஹெல்மெட் காப்பாற்றியது.

அடுத்து, ஓடி வந்த கல்லைக் காலால் நிறுத்தப் பார்த்தேன். கல் நிற்கவில்லை. நான்தான் உட்கார்ந்தேன். ஐயோ, அம்மா!

மூன்றாவதாக, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகவே நடந்து, கிடந்த கல்லில் தடுக்கி மல்லாந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது. மனசு மட்டும் குளிர்ந்தது.

“மூணு ஆச்சு ஆர்வில், நான் மாடிக்குப் போறேன். விதின்னா விதிதான்.”

வகுப்பே கைதட்டியது. ஆர்வில் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“மாடிக்கா? நல்லாருக்கே! எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல? இந்த மூணையும் செய்யவே கூடாது. உங்க வீட்டம்மா அப்பவே சொன்னாங்க, செய்யக்கூடாததை எல்லாம் நீங்க செஞ்சு காட்டுவீங்கன்னு. இவ்வளவு நாளா நான் படத்தைக் காட்டியே கழுத்தறுத்துக்கிட்டிருந்தேன்!”

டெல்மாவைப் பார்த்தேன். “அடிப்பாவி!”

“பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். நீங்க என்ன செய்வீங்கன்னு தெரியாதா எனக்கு?” என்றாள், என் முதுகுப் பனியைத் தட்டிவிட்டபடி.

இப்போது மார்ச் கடைசி வரை, ஆர்வில்லின் படத்துக்குப் பதிலாக, சனிக்கிழமைதோறும் காலை வகுப்புக்கு மூன்று தடவை, மதிய வகுப்புக்கு மூன்று தடவை விழுகிறேன்.