பெரிய மாப்பிள்ளையின் பூட்ஸ்

மாமனார் வீட்டில் செருப்பு வாசற்படியைத் தாண்டக் கூடாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து சின்ன மாப்பிள்ளை மீறாத சட்டம் அது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் உள்ளே நுழைந்தபோது, கூடத்தின் நடுவில், விரித்த செய்தித்தாளின் மேல், ஒரு ஜோடி பூட்ஸ் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு மின்விசிறிகூடப் போட்டுவிட்டிருந்தார்கள்.

பூட்ஸ் அவருடைய சகலையுடையது. அதாவது, பெரிய மாப்பிள்ளையுடையது.

"வாங்க மாப்பிள்ளை, முதல்ல இதைப் பாருங்க," என்றார் மாமனார். "அடிப்பாகம் ஒட்டினது இல்ல, தைச்சது. ஆபத்து காலத்துக்குன்னே செஞ்சதாம். பெரிய மாப்பிள்ளைக்கு இருக்கற முன்யோசனை யாருக்கு வரும்?"

யாருக்கு வராது என்பதை அவர் சொல்லவில்லை. அறையில் இருந்த மாப்பிள்ளைகள் இரண்டே பேர்.

மாமனார் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை, 'லேசான மழை பெய்யக்கூடும்' என்பதற்கு மேல் எழுத மேலதிகாரிகள் அவரை விட்டதில்லை. ஓய்வு பெற்றதும் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது. வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் தன் வீட்டு முகவரியை விசாரித்துக்கொண்டு கிளம்பிவிட்டதாகவே அவருக்குப் பட்டது. மாமியார் போன பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. அதனால் வரப்போகிற ஆபத்துகளோடு பேசப் பழகிக்கொண்டார். வீடு முழுக்க டார்ச், கயிறு, விசில், தண்ணீர் டிரம். வாரத்தில் ஒருநாள் மகள்கள் வந்து சமைத்துப் போட்டு, டிரம்களுக்கு இடையில் இடம் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்கள்.

சகலை ஒரு மெத்தை கம்பெனியில் விற்பனை அதிகாரி. ஊரையெல்லாம் படுக்கச் சொல்லி வயிறு வளர்க்கிறவருக்கு இவ்வளவு பெரிய பூட்ஸ் எதற்கு என்று சின்ன மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. சாப்பாட்டில் முதல் கரண்டி சகலைக்கு விழுந்தபோது புரிந்தது.

சகலையின் வீடு பெரிது. அதைப் பொறுத்துக்கொண்டார். சகலையின் தலையில் முடி அடர்த்தி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் வெளியே தூறலில் தன் செருப்பு நனைந்துகொண்டிருக்க, உள்ளே சகலையின் பூட்ஸ் காற்று வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது வயிற்றுக்குள் யாரோ அடுப்புப் பற்றவைத்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் மனைவி அக்காவின் பெருமையை எடுத்துச் சொன்னாள். வெள்ளம் வந்தால் அத்தான் அக்காவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாராம். சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"நம்ம வீட்டுக்கு வெள்ளம் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் ஒரு நூலகத்தில் உதவி நூலகர். யோசித்து, நேர்மையாகப் பதில் சொன்னார். "கீழ்த்தட்டுல இருக்கற புத்தகத்தையெல்லாம் மேல்தட்டுக்கு மாத்துவேன்."

அவள் கைப்பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். அவருக்கு அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையிலேயே அவர் பூட்ஸ் கடையில் நின்றார். கடைக்காரம்மா விஷயம் தெரிந்தவள். மலை ஏறவா, சேற்றில் நடக்கவா, கட்டட வேலைக்கா என்று விசாரித்தாள்.

"ஆபத்துக்கு," என்றார்.

"என்ன ஆபத்து சார்?"

சகலை என்று வாய் வரை வந்தது. "எல்லா ஆபத்துக்கும்," என்றார்.

அவள் மூன்று ஜோடிகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக வளைத்துக் காட்டினாள். விரல் பக்கம் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. தோல் ஒரே துண்டாக இருந்தால் தையல் குறைவு, தையல் குறைந்தால் தண்ணீர் புகும் வழியும் குறைவு. தண்ணீரில் நடக்கிறவர்களுக்குக் கனமில்லாததுதான் நல்லது. முக்கியமாக, பூட்ஸ் வாங்க சாயங்காலம் வர வேண்டும். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளவு பார்த்தால்தான் பிறகு கடிக்காது.

சின்ன மாப்பிள்ளை இதையெல்லாம் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார். அவர் மனதில் இருந்த அளவு ஒன்றுதான். சகலையின் பூட்ஸ் கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றது. இது அதைவிட உயரமாக இருக்க வேண்டும். மேல்தட்டில், விரல் பக்கம் இரும்பு வைத்து, கெண்டைக்கால் வரை லேஸ் கட்டுகிற ஒரு ஜோடி இருந்தது. அதைக் காட்டினார். அது சுரங்க வேலைக்காரர்களுக்கு என்றாள் கடைக்காரம்மா. பரவாயில்லை என்றார். மதியக் காலுக்குச் சரியாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் கொஞ்சமா வீட்டுக்குள்ள போட்டுப் பழக்குங்க சார்," என்று கட்டிக் கொடுக்கும்போது சொன்னாள். "முதல் நாளே நாள் பூரா போட்டா, நீங்க அதைப் பழக்க மாட்டீங்க. அது உங்களைப் பழக்கிடும்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் பழகியாக வேண்டும். அவர் மறுநாள் காலையே அதைப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனார்.

வாசிப்பறையில் 'அமைதி காக்கவும்' என்ற பலகையை மாட்டியவரே அவர்தான். அதற்கு நேர்கீழே முதல் அடி எடுத்து வைத்தபோது பூட்ஸ் 'கிரீச்' என்றது. படித்துக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. அடுத்த காலை எடுத்து வைத்தார். அது இன்னும் மெல்லிய குரலில், 'கிரீஈச்' என்றது. ஒரு முதியவர் எலி வந்துவிட்டது என்று காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

பைண்டிங் பிரிவில் தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெய் இருந்தது. இரண்டு பூட்ஸுக்கும் தாராளமாக விட்டார். சத்தம் நின்றது. கூடவே பிடிமானமும் நின்றது. கலைக்களஞ்சியப் பக்கம் திரும்பும்போது கால் வழுக்கி, அலமாரியைப் பிடித்தார். அலமாரி அவரைப் பிடித்துக்கொள்ளவில்லை. அகரத்தில் தொடங்கி அத்தனை தொகுதிகளும் வரிசை மாறாமல் அவர்மேல் இறங்கின. இரும்பு வைத்த விரல்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

எண்ணெயை உறிஞ்ச முகத்துக்குப் போடும் பவுடர் நல்லது என்று யாரோ சொன்னார்கள். போட்டார். மதியத்துக்குள் நூலகம் முழுக்க வெள்ளைக் காலடித் தடங்கள். வரலாறு, புவியியல், குழந்தைகள் பகுதி என்று சுற்றி, சாப்பாட்டு அறைக்குப் போய், தலைமை நூலகரின் கதவு வரை வந்து, தைரியம் போதாமல் திரும்பியிருந்தன. அந்த அம்மாள் தடங்களைப் பின்பற்றி வந்து அவரைக் கண்டுபிடித்தார். என்ன இது என்று கேட்டார். முன்னெச்சரிக்கை என்றார் அவர். வாரம் முடியும்வரை கிடங்கில் வேலை பார்க்கும்படி சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மாள்.

வீட்டில் மனைவி கொப்புளங்களுக்கு மருந்து போட்டபடியே சொன்னாள். "வயிறு எரியுதுன்னா பூட்ஸ் வாங்கி அணைக்க முடியாதுங்க."

"யாருக்கு வயிறு எரியுது?" என்றார், எரிய எரிய.

சனிக்கிழமை மாலை, தண்ணீர் புகுகிறதா என்று பார்க்க, குளியலறையில் துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில் பூட்ஸோடு இறங்கி நின்றார். கணுக்கால் வரை தண்ணீர். உள்ளே ஒரு சொட்டு இல்லை. பல நாட்களுக்குப் பிறகு அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்த மனைவி குளியலறைக் கதவருகே நின்று, அத்தான் நேற்று முழங்கால் தண்ணீரில் நடந்து பார்த்தாராம், நனையவே இல்லையாம் என்றாள். கணுக்கால் பூட்ஸோடு முழங்கால் தண்ணீரில் எப்படி நனையாமல் நடக்க முடியும் என்று ஒரு நூலகருக்கு உடனே தோன்றியிருக்க வேண்டும். பொறாமைக்குக் கணக்கு வராது. அவர் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார்.

தண்ணீர் பூட்ஸின் மேல்விளிம்பைத் தாண்டி உள்ளே போனது. தண்ணீர் புகாத பூட்ஸிலிருந்து தண்ணீர் வெளியேறவும் முடியாது என்பதை அவர் அப்போதுதான் கற்றுக்கொண்டார். கழற்றலாம் என்று பார்த்தால் நனைந்த லேஸ் இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. உள்ளே கால் வீங்கிக்கொண்டிருந்தது. தரையில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்தார். தண்ணீர் வெளியே வந்தது, பேண்ட் வழியாக.

மனைவி கத்தரிக்கோலோடு வந்தாள். அவர் விடவில்லை. லேஸை வெட்டிவிட்டால் நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது? ஒரு வாரப் பாடு வீணாகிவிடும்.

"அப்ப இப்படியேதான் வரப்போறீங்களா?"

"இப்படியேதான்."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு வாசலில் சகலை தன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமனார் பக்கத்தில் செய்தித்தாளோடு நின்றார். சின்ன மாப்பிள்ளை படியேறினார். அவருக்குக் கழற்ற வழியில்லை. வெளியே நிற்கவும் மனமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டி, 'கிரீச், சளக், கிரீச், சளக்' என்று கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மாமனார் மெல்ல நடந்து வந்து, பூட்ஸைப் பார்த்தார். இரும்பு வைத்த விரல் பக்கத்தைப் பார்த்தார். கெண்டைக்கால் வரை போன லேஸைப் பார்த்தார். மூத்த மகள் கையைப் பிசைந்தாள்.

"ஏன் மாப்பிள்ளை கழட்டல?" என்றார் மாமனார்.

"கழட்ட முடியாது மாமா," என்றார் சின்ன மாப்பிள்ளை. அதைவிட உண்மையான வார்த்தையை அவர் அந்த வீட்டில் பேசியதில்லை.

மாமனாரின் கண் கலங்கியது.

"இதைத்தான் நான் இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன். ஆபத்து வந்தா லேஸ் கட்ட நேரம் இருக்குமா? கழட்டி வெச்ச பூட்ஸும் கடையில இருக்கற பூட்ஸும் ஒண்ணுதான்." அவர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணுன்னா இனிமே நான் நம்பப் போறது உங்களைத்தான்."

சகலையின் முகம் தொங்கிப்போனது. அவர் எழுந்து வந்து சின்ன மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் ஒத்துக்கறேன் சகலை. உங்க அளவுக்கு என்னால முடியாது," என்றார். பெருந்தன்மையான மனிதர்தான் என்று சின்ன மாப்பிள்ளைக்கு முதல் தடவையாகத் தோன்றியது. தோற்றவர்களிடம் யாருக்கும் எளிதில் அன்பு வந்துவிடுகிறது.

முதல் கரண்டி அன்று அவருக்கு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. போகும்போது மனைவி அவர் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். நொண்டுகிறார் என்பதற்காக இருக்கலாம். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவர் நூலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டார். ஒருவழியாக லேஸை வெட்டியெடுத்த காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, தன்னைப் பற்றியே நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு சாமான் வண்டி வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து மாமனார் இறங்கினார். கழுத்தில் விசில். வண்டி நிறைய டிரம், மணல் மூட்டை, கயிற்றுச் சுருள், ஒரு கட்டில், கையால் சுற்றுகிற அபாயச் சங்கு.

ஆபத்து நீங்கும்வரை இங்கேயே இருந்துவிடுவதாகத் தீர்மானித்திருப்பதை மாமனார் அறிவித்தார். எந்த ஜன்னல் பக்கம் கட்டில் போடலாம் என்று பார்த்துக்கொண்டே உள்ளே போனார். மனைவி ஓடிவந்து, அப்பாவையும் வண்டியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆபத்து எப்ப நீங்கும் மாமா?" என்று சின்ன மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் வரவே இல்லையே மாப்பிள்ளை. வராதது எப்படி நீங்கும்?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. தொடர்ந்து சங்கு சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் சத்தமும் வந்தது.

வண்டிக்காரர் முதல் டிரம்மைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எங்கே இறக்குவது என்று கேட்டார். சின்ன மாப்பிள்ளை வண்டியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பெரியவர் ஒரே ராத்திரியில் இவ்வளவையும் எப்படிக் கட்டி முடித்தார் என்று மட்டும் கேட்டார்.

"ராத்திரியா? பத்து நாள் முன்னாடியே கட்டினது சார் இது," என்றார் வண்டிக்காரர். "பெரிய மாப்பிள்ளை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோனேன். அவருதான் பெரியவர்கிட்ட வீடு இன்னும் ஆபத்துக்குத் தயாராகலைன்னு சொல்லிட்டு, என்னைத் தனியா கூப்பிட்டு, 'வண்டியைத் திருப்புங்க, நான் நாளைக்கே ஒரு பூட்ஸ் வாங்கறேன், மத்ததை என் சகலை பாத்துக்குவாரு'ன்னாரு."