அக்காவின் இன்டர்வியூவும் நான் கழற்றிய கார்புரேட்டரும்

பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டுக்காரர்களுக்கு இயந்திரத்தைக் கண்டால் பயம். மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கு அரியர் எழுதவே நேரம் போதாது. நாட்டுக்கு ஆபத்தானவர்கள் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல்காரர்கள்தான். நான் அப்போது இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல். வகுப்பில் அறுபது பேர். பெண்கள் மூன்றே பேர். அதனால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு தைரியம் தேவைப்பட்டது. நான் மூன்று மடங்கு வைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். இராஜாக்கமங்கலத்தில் அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. அப்பா மீன் மொத்த வியாபாரி. அவரிடம் பழைய பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. என்னைவிட நாலு வயது மூத்தது. கொஞ்ச நாளாக மேடு ஏறும்போதெல்லாம் இருமிக்கொண்டு நின்றுவிடும்.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருவனந்தபுரத்தில் எங்கள் சகாயம் அக்காவுக்கு இன்டர்வியூ. குவைத்தில் நர்ஸ் வேலை. ஒன்பது அடித்தால் கேட்டை அடைத்துவிடுவார்கள் என்று ஏஜென்சிக்காரர் இரண்டு முறை போன் செய்து சொல்லியிருந்தார். போன தடவை அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தடவைக்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

கோட்டாற்று மெக்கானிக், பண்டிகைக் கூட்டத்தில் மூன்று நாள் ஆகும் என்றார். அப்பா டாக்ஸி சொல்லப் போனை எடுத்தார். நான் குறுக்கே விழுந்தேன்.

"டாக்ஸி என்னத்துக்குப்பா? வீட்டில ஒரு இன்ஜினியர் இருக்கும்போ."

(அதுவரை நான் பாஸான பாடங்களில் ஒன்றுகூடக் காரைப் பற்றியதல்ல.)

அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்கு என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அது எனக்கும் தெரியும் என்பதுதான் பிரச்சினை.

புதன்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டேன். பிரவுசிங் சென்டரில் எடுத்த பதினொரு பக்கப் பிரிண்டைக் கல் வைத்து விரித்துக்கொண்டு, இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரை அம்மாவின் மீன் கழுவும் பேசினில் பிரித்துப் போட்டேன். ஒவ்வொரு துளையையும் பெட்ரோலில் கழுவி, சைக்கிள் பம்பால் ஊதினேன். அதன் கிண்ணத்தின் அடியில் துருவும் மண்ணுமாக ஒரு ஸ்பூன் அழுக்கு வந்தது. அதைப் பேப்பரில் மடித்து அப்பாவுக்குக் காட்ட வைத்திருந்தேன். திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. (இதை இன்றும் யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.) மாலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பினால் முதல் தடவையே பிடித்துக்கொண்டது. அப்பா கடற்கரை ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். மேட்டில் இருமல் இல்லை. பார்த்தவர்களிடமெல்லாம் வண்டியை நிறுத்திக் காரணம் சொல்லிவிட்டு வந்ததால் ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அத்தோடு நான் எழுந்து போய்க் குளித்திருக்க வேண்டும். ஆனால் வெளிச்சம் இன்னும் பாக்கியிருந்தது, தைரியமும் பாக்கியிருந்தது. பக்கத்திலேயே டிஸ்ட்ரிபியூட்டர் மூடி கண்ணில் பட்டது. திறந்து, உள்ளே தெரிந்ததையெல்லாம் துடைத்து, எங்கள் வீட்டு வழக்கப்படி ஒரு சிறு காரியம் செய்து மூடிவிட்டேன். அந்தச் சிறு காரியம் என்னவென்று பிறகு சொல்கிறேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு அக்கா கஞ்சி போட்ட காட்டன் புடவையில், சர்டிபிகேட் ஃபைலோடு வந்து காரில் உட்கார்ந்தாள். அப்பா சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது. இன்ஜின் பற்றவில்லை. மறுபடி திருப்பினார். சோக்கை இழுத்துப் பார்த்தார். வண்டி உர்ர்ரென்று அழுததே தவிர உயிர் வரவில்லை.

ஐந்தேகாலுக்கு நாகர்கோவில் போகும் முதல் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அதில் போயிருந்தால் சரியாக ஒன்பதுக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம்பா," என்றேன்.

பஸ் போய்விட்டது.

கார்புரேட்டரைக் கழற்றினேன். மாட்டினேன். பற்றவில்லை. இன்னொரு அஞ்சு நிமிஷம் கேட்டேன். மறுபடி கழற்றி மாட்டினேன். பிரிண்டின் பதினொரு பக்கத்திலும் கார்புரேட்டர்தான் இருந்தது. ஆகவே கோளாறும் அங்கேதான் இருந்தாக வேண்டும். இதற்குள் அப்பா நாலு டாக்ஸிக்காரர்களுக்குப் போன் செய்துவிட்டார். ஒருவர் வேளாங்கண்ணியில் இருந்தார். ஒருவர் கல்யாண ஓட்டத்தில். மற்ற இருவரும் எடுக்கவே இல்லை.

அடுத்த வீட்டு கிளீட்டஸ் அண்ணன் ஐஸ் வண்டி ஓட்டுபவர். பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். நேற்று ஓடியதை இன்று ஓடாமல் செய்ய எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். கை முழங்கை வரைக்கும் கறுப்பு, நைட்டியில் பெட்ரோல், கண்ணில் தண்ணீர். (பெட்ரோல் பட்ட எரிச்சல் என்று பதிவு செய்துகொள்ளவும்.)

அக்கா காரைவிட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஏட்டி, எனக்கு இதுதான் கடசி. உனக்குத் தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லு. நான் நடந்தாவது போறேன்."

அப்போதுதான் முதல் தடவையாகக் கையை நிறுத்திவிட்டு யோசித்தேன். ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்; நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது. அப்படியானால் பெட்ரோல் ஒழுங்காக வருகிறது. கார்புரேட்டர் நிரபராதி! அந்தப் பிளக்கை வயரோடு இன்ஜின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அப்பாவைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். கிளீட்டஸ் அண்ணன் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி குனிந்து பார்த்தார்.

"கரண்ட் இல்ல, மக்கா."

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே மிளகு அளவில் இரண்டு உலோகப் பொட்டுகள் இருக்கும், பாயிண்ட் என்பார்கள். அவை தொட்டுத் தொட்டுப் பிரிந்தால்தான் பிளக்குக்குக் கரண்ட் போகும். இப்போது அந்த இரண்டுக்கும் நடுவில் மெழுகு போல வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. மார்கழிக் காலையில் அம்மாவின் எண்ணெய்ப் பாட்டிலுக்குள் இருக்கும் அதே வெள்ளை.

அந்தச் சிறு காரியம் இதுதான். எங்கள் கரையில் உப்புக்காற்று இரும்பை உயிரோடு தின்னும். பூட்டு, ஜன்னல் கொண்டி, அரிவாள்மனை, எதைத் துடைத்தாலும் கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவாமல் எங்கள் வீட்டில் யாரும் விடுவதில்லை. நானும் பாயிண்டைப் பளபளவென்று துடைத்துவிட்டு, துருப்பிடிக்கக் கூடாதே என்று விரலால் தொட்டு, தாராளமாகத் தடவி வைத்திருந்தேன். அதை நான் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. அதனால் அதன்மேல் சந்தேகமும் வரவில்லை.

சட்டென்று காருக்குள் கைவிட்டு அக்காவின் கைக்குட்டையை எடுத்து, பெட்ரோலில் நனைத்து, யாரும் பார்ப்பதற்குள் துடைத்து மூடி, பிளக்கையும் மாட்டிவிட்டு, கைக்குட்டையைத் திரும்பச் சீட்டிலேயே போட்டேன்.

"கண்டுபிடிச்சிட்டேன்பா. பாயிண்ட்ல அழுக்கு."

(அழுக்கு என்பது பொய்யல்ல. யாருடைய அழுக்கு என்று அவரும் கேட்கவில்லை.)

ஆனால் பேட்டரி செத்துப்போயிருந்தது. நல்லவேளையாகக் காலைப் பூசை முடிந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் முக்காடும் கையில் செபமாலையுமாக ஒன்பது பெண்களும், கிளீட்டஸ் அண்ணனும், நைட்டியில் நானும் தள்ளினோம். இருபதடி போவதற்குள் இன்ஜின் படபடவென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் போல ஒன்றை நான் பிறகு எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. மணி ஆறு இருபது.

வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று, மாற்றுடை மாட்டிக்கொண்டு நானும் பின்சீட்டில் ஏறினேன். தக்கலை வரை அப்பா என்னைப் பற்றியே பேசினார். பையன்கள் இருந்து என்ன, இப்படி ஒரு பிள்ளை போதாதா என்றார். மார்த்தாண்டத்தில் நெரிசலில் மாட்டியபோதும் இன்ஜினை அணைக்காமல் அதன் சத்தத்தை ரசித்தார். நான் அடக்கமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். இரண்டு தடவை முகர்ந்தாள். பிறகு என் காதோரம் குனிந்தாள்.

"ஏட்டி, இதில தேங்காண்ணெ மணக்குது."

நான் அவளைப் பார்க்கவில்லை. என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. திருவனந்தபுரத்தில் கேட் அடைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே ஓடினாள்.

வேலை கிடைத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து அவள் புறப்படும் முந்தைய நாள் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அப்பா பந்தியில் நின்று, எம் மவ மட்டும் அன்னைக்குக் காரைச் சரியாக்காமல் இருந்திருந்தால் என்று பதினைந்தாவது தடவையாக ஆரம்பித்தார். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, "காரில என்ன கோளாறுன்னு அவகிட்ட கேளுங்கப்பா," என்றாள். கேட்டார்கள். சொன்னேன். கிளீட்டஸ் அண்ணன் சிரித்ததில் இலையில் தண்ணீர் கொட்டியது. அப்பா மட்டும் சிரிக்காமல், கோபப்படாமல், ரசத்தை ஊற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிய ஐந்து வருடம் ஆயிற்று. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், நான் படித்ததையும் வேலை பார்ப்பதையும் விட்டுவிட்டு, அந்தக் காரின் கதையை ஆரம்பித்தார். நான் கதவுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பூசை முடிந்து வந்தவர்கள் தள்ளியது வரைக்கும் சொல்லி முடித்தார். மாப்பிள்ளையின் அம்மா அக்கறையாகக் கேட்டார்.

"அப்பம் வண்டியக் கெடுத்தது யாரு?"

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"அதும் எம் மவதான். வேற ஒரு ஆளத் தொட விடல்ல."