மூக்குக்கு ஆவணம் இல்லை

எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பது என் உத்தியோகம். இருபத்தோரு வருடமாக என் வாயை நம்பித்தான் இந்த ஊர் வண்டி ஏறுகிறது. அந்த வாய்க்குச் சொல் எடுத்துக் கொடுக்கிற இடத்தை ஒட்டினாற்போல, மூளையில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

"எடுத்துடலாம்," என்றார் மூளை டாக்டர். "நீங்க முழிச்சிட்டிருக்கும்போதே பண்ணுவோம். பேசிக்கிட்டே இருங்க. பேச்சு தடுமாறினா நான் கையை எடுத்துடுவேன்."

"பேச்சு அப்படியே போயிடுச்சுன்னா, டாக்டர்?"

"போகாம இருக்கத்தான் பேசச் சொல்றேன்."

எனக்குப் பேச்சைப் பற்றிய கவலை. என் மனைவிக்கு வேறு கவலை. "மெஷின்லதானே பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

மெஷின் இருந்தது. புத்தம் புதிதாக வந்திறங்கிய வழிகாட்டி மெஷின். முதல் நாள் தலையைப் படம் எடுத்து அதற்குள் ஏற்றிவிட்டால், மறுநாள் டாக்டர் கையிலுள்ள குச்சி தலைக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டும். அந்த வருடம் மெஷின் இல்லாமல் ஆபரேஷன் செய்துகொள்வது கௌரவக் குறைவாகக் கருதப்பட்டது. என் மச்சினி தன் பித்தப்பையைச் சாதாரணக் கத்தியால் எடுத்துக்கொண்டதை இன்றுவரை வெளியே சொல்வதில்லை.

படத்தையும் தலையையும் பொருத்த அடையாளம் வேண்டுமாம். என் தலையில் எட்டு இடத்தில் வட்ட வில்லைகளை ஒட்டிப் படம் எடுத்தார்கள். மறுநாள் காலை, ஆபரேஷனுக்கு முன் தலை மழிக்கப்பட வேண்டும் என்ற விதிப்படி சவரக்காரர் வந்தார். வில்லைகளைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. எட்டையும் பிய்த்துத் தட்டில் வைத்தார், வழவழவென்று மழித்தார். "ஆஸ்பத்திரி சாமான் ஒண்ணும் தொலையக் கூடாது பாருங்க," என்று நல்ல மனதோடு எட்டையும் தோன்றிய இடங்களில் திரும்ப ஒட்டிவிட்டுப் போனார்.

மெஷினை இயக்கும் டெக்னீஷியன் படிவத்தோடு வந்து என் தலையை எண்ணினார்.

"எட்டும் இருக்கு. சரி."

"இடம் மாறியிருக்குங்க," என்றேன்.

"எத்தனைன்னுதான் படிவத்துல கேட்டிருக்கு. எங்கேன்னு கேக்கலை."

தியேட்டரில் என் தலையை ஓர் இரும்புப் பிடிக்குள் வைத்துத் திருகினார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது. அந்தப் பிடியில் பளபளவென்று சின்னச் சின்ன உருண்டைகள். எதிரே மெஷினின் கேமரா. கேமரா அந்த உருண்டைகளை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் மெஷினுக்கு வழி தெரியும்; நடுவே யாரும் நிற்கக் கூடாது. நடுவே ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் நின்றார். மெஷினின் முதல் ஆபரேஷனைப் பார்வையிட வந்திருந்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நிக்கணும். மெஷினுக்கு மறைக்குது," என்றார் டெக்னீஷியன்.

"நான் யாருன்னு மெஷினுக்குத் தெரியாதா?"

ஒருவழியாகத் தள்ளி நின்றார். டாக்டர் சரிபார்ப்பதற்காக என் மூக்கு நுனியைக் குச்சியால் தொட்டார். திரையில் குச்சி என் இடது காதுக்கு வெளியே, நாலு விரல் தள்ளி, காற்றில் நின்றது.

"இதை ஓரமா வச்சிடுங்க," என்றார் டாக்டர். "கட்டி மேலாகத்தான் இருக்கு, திறந்தா கண்ணுக்கே தெரியும். இவர் பேச்சு இருக்கு. அது போதும். பொருத்தம் சரியா இருந்தாலும் இது நேத்து எடுத்த படம். மண்டையைத் திறந்தா நீர் வடிஞ்சு மூளை கொஞ்சம் அமுங்கிடும்."

"அனுமதி இல்லாம அது எப்படி அமுங்கும்?" என்றார் கண்காணிப்பாளர். "மெஷின் காட்டறதுதான் ஆவணம், டாக்டர்."

"மூக்கு இதோ இருக்கு சார். தொட்டுக்கிட்டே நிக்கிறேன்."

"மூக்குக்கு ஆவணம் இல்லை."

"என் மூக்குதாங்க," என்று நானும் சாட்சி சொன்னேன்.

"நோயாளி ஆபரேஷன்ல தலையிடக் கூடாது."

மேலிடக் குழுவுக்குப் போன் போனது. குழு ஐந்து நிமிடம் தீர ஆராய்ந்து, நோயாளியின் தலையைப் படத்திற்கு இணங்க நகர்த்தும்படி ஆணை பிறப்பித்தது. கட்டிலோடு சேர்த்து என்னை நாலு விரல் நகர்த்தினார்கள். உருண்டைகளும் தலையோடுதானே வரும்? திரையில் ஒன்றும் மாறவில்லை. இன்னும் நாலு விரல் நகர்த்தினார்கள். மூன்றாவது தடவை கட்டில் சுவரில் இடித்தது.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சார், திரையில ஒண்ணுமே தெரியலைன்னா விதி என்ன சொல்லுது?"

"திரை இருளும் நேர்வில் டாக்டர் தமது அறிவைப் பயன்படுத்திக்கொள்ளலாம்," என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார் கண்காணிப்பாளர்.

டாக்டரின் குரல் குழைந்தது. "முதல் ஆபரேஷன் சார். பத்திரிகைக்குப் போட்டோ வேணும். நீங்க மெஷினுக்கு நேர் முன்னாடி நின்னாத்தான் எடுப்பா இருக்கும். நர்சம்மா எப்ப எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. அசையாம இருங்க."

கண்காணிப்பாளர் நின்றார். திரை இருண்டது. மூன்று மணி நேரம் வயிற்றை உள்ளே இழுத்தபடி நின்றார். தம் உத்தியோக வாழ்க்கையில் ஒரு நோயாளிக்கு அவர் அவ்வளவு உபகாரமாக இருந்தது அன்றுதான்.

நான் கண்ணை மூடி ஆரம்பித்தேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஆறரை மணி வண்டி ஐந்தாம் நடை... நடை..."

மீதி வரவில்லை. இருபத்தோரு வருடமாகச் சொன்ன சொல் எங்கேயோ போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

டாக்டர் கை நின்றது. "சரி, அங்க தொடலை. மெதுவா சொல்லுங்க."

"நடைமேடை," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அழுங்க. ஆனா பேசிக்கிட்டே அழுங்க," என்றார்.

கட்டி போயிற்று. பேச்சு தங்கிற்று.

மறுநாள் பத்திரிகையில் கண்காணிப்பாளரின் போட்டோவும், மெஷின் வழிகாட்டிய வெற்றிச் செய்தியும் வந்தன. டாக்டர் மட்டும் அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினார்: மெஷின் காட்டியது காற்றை; கட்டியைக் கண்ணால் பார்த்து எடுத்தேன். ஆஸ்பத்திரிச் சாதனத்தின் மீது நம்பிக்கையின்மை தெரிவித்த குற்றத்துக்காக, மெஷினே இல்லாத ஒரு தூரத்து ஆஸ்பத்திரிக்கு அவரை மாற்றினார்கள்.

எனக்கும் உத்தரவு வந்தது. மெஷினால் பேச்சு காக்கப்பெற்றவன் என்ற முறையில், தினம் மூன்று வேளை நான் ஓர் அறிவிப்பு வாசிக்க வேண்டும்.

"இது பொய்யாச்சே," என்றேன் மனைவியிடம்.

"வெறும் கண்ணால பாத்துப் பண்ணினாங்கன்னு ஊரெல்லாம் சொல்லப்போறீங்களா? என் தங்கச்சி சிரிப்பா," என்றாள்.

என்னைக் குறை சொல்லாதீர்கள். உங்களுக்கு ஒரு கட்டி வந்தால், எந்த ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் மாலை, என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஐந்தாம் நடைமேடையில் டாக்டர் நின்றிருந்தார், காலடியில் பெட்டி. அறிவிப்புக்கு நேரமாகிவிட்டது. மைக்கைத் திறந்தேன்.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. கண்ணை நம்பாதீர்கள், மெஷினை நம்புங்கள். நமது மருத்துவமனையின் வழிகாட்டி மெஷின் காப்பாற்றிக் கொடுத்த குரல் இது. ஆறரை மணி வண்டி ஐந்தாம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது."

டாக்டர் தலையைச் சாய்த்து, எங்காவது தடுமாறுகிறதா என்று கடைசிச் சொல்வரை கேட்டார். எங்கும் தடுமாறவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டி ஏறினார்.