தாய்மாமன் இடத்தில் கெட்டில்

ஓசூர் சிப்காட்,
வியாழக்கிழமை காலை.

சிங்காரப்பேட்டையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர், மாப்பிள்ளை மாதவன் அவர்களுக்கு, ரத்தினவேல் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி ஜெயமணியும் டீக்கடையும் நலம். கடை நாளை வரைக்கும்தான் நலம். அப்புறம் உங்கள் கையில் இருக்கிறது. போன் செய்தால் நீங்கள் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள் என்பதால் மதிய பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குழந்தை யுவஸ்ரீயின் காதுகுத்துக்கு நீங்கள் மெயின் ரோட்டில் வைத்திருக்கும் ஃபிளெக்ஸின் போட்டோ வந்தது. சந்தோஷம். ஆனால் 'தாய்மாமன் ரத்தினவேல்' என்று போட்டு, என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் கொதிகொதி டீ கம்பெனியின் சின்னமான மீசை வைத்த கெட்டில் சிரிக்கிறதே, இது என்ன நியாயம் மாப்பிள்ளை? ஃபிளெக்ஸ்காரர் என் வாட்ஸ்அப் படத்தை எடுத்துப் போட்டுவிட்டார் என்கிறாள் தங்கை லாவண்யா. அந்தப் படத்தை வைக்கச் சொன்னதே கம்பெனிதான். கிளை எடுத்து நடத்துகிறவன் சொந்த மூஞ்சியை வைக்கக் கூடாதாம். சரி, போட்டவர் சும்மா போட்டாரா? தலையில் கிரீடம், கண்ணில் கூலிங் கிளாஸ், கழுத்தே இல்லாத சாமானுக்கு ரோஜா மாலை! கம்பெனி விதிப்படி கெட்டிலுக்கு ஒரு பொட்டுகூட வைக்கக் கூடாது, சுற்றிலும் காலி இடம் விட வேண்டும், பக்கத்தில் வேறு படமே வரக் கூடாது. நீங்களோ அதை இடித்துக்கொண்டு உங்கள் சித்தப்பாக்களை வரிசையாக நிற்க வைத்திருக்கிறீர்கள்.

போன ஆயுத பூஜைக்கு ஜெயமணி போர்டில் இருந்த கெட்டிலுக்குச் சந்தனம் வைத்ததற்கே கம்பெனி அதிகாரி அருள்ஜோசப் சார், "இன்னொரு வாட்டி இப்படிப் பண்ணா போர்டைக் கழட்டிட்டுப் போயிடுவேங்க"ன்னுட்டுப் போனார். அந்த மனுசன் நாளைக்குத் திருவண்ணாமலை கிளைக்கு உங்க ஊர் வழியாத்தான் கார்ல போறார் மாப்ள! பார்த்தார்னா என் கடை காலி. ஃபேக்டரி வேலையை விட்டுட்டு இந்தக் கடையை நம்பித்தானே நிக்கறோம்? அத்திப்பள்ளியிலிருந்து டீக்கு வர்ற கன்னடக்காரர் ஒருத்தர் என் போன்ல கெட்டிலுக்கு மாலை போட்டிருக்கறதைப் பார்த்துட்டு, "ஏனாய்த்து அண்ணா?"ன்னு துக்கமே விசாரிச்சுட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். தயவு செஞ்சு ஃபிளெக்ஸை இன்னிக்கே இறக்கி, இத்தோட வச்சிருக்கற என் போட்டோவைப் போடுங்க. மீசை இல்லையேன்னு பார்க்காதீங்க, தினமும் மழிக்கணும்கறதும் கம்பெனி விதிதான்.

வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம். யுவஸ்ரீ காது நிறையக் கம்மலும் வாய் நிறையச் சிரிப்புமாக நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முகமுள்ள தாய்மாமன்,
ரத்தினவேல்.

பி.கு.: ஃபிளெக்ஸை இறக்காதீர்கள்! அருள்ஜோசப் சார் இன்றைக்கே கிளம்பிவிட்டாராம்; ஃபிளெக்ஸுக்குக் கீழே நின்றுகொண்டு போன் செய்தார். "கிரீடமா வைக்கறீங்க? போர்டைக் கழட்ட வரேன்" என்றார். ஜெயமணி போனைப் பிடுங்கி, "ஏன் சார், காதுகுத்துக்கு முன்னாடி தாய்மாமன் படத்தை இறக்கலாமா? உங்க வூட்டுல இறக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவர், "சரிம்மா, இது கெட்டில் இல்ல, தாய்மாமன்தான்னு ரிப்போர்ட்ல எழுதிடறேன். ஆனா ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு நேர்ல வந்து பார்ப்பேன். ஆள் படத்துல இருக்கற மாதிரியே இருக்கணும்" என்றார். ஆகவே என் போட்டோவைக் கிழித்துவிடுங்கள். உங்கள் ஊர்க் கூத்துக்காரர்களிடம் ஒரு மீசை மட்டும் வாங்கி வையுங்கள், இரண்டு முனையும் மேலே பார்த்த மாதிரி.